போர்விமானியும் ஆர்முடுகலும்: அமுக்க உடையின் பணி

போர்விமானம் ஒன்று சடுதியாகத் திரும்பும்போது விமானியை வருத்துவது அதன் வேகமன்று. வேகத்தின் திசை மாறுவதால் எழும் ஆர்முடுகலே ஆகும். இது புவியீர்ப்பு ஆர்முடுகலின் மடங்குகளாக, ‘ஜீ’ என்னும் அலகில் குறிக்கப்படும். 5 ஜீ நிலையில் விமானியின் உடல் ஐந்து மடங்கு நிறையுடையதாகின்றது, குருதியும் அவ்வாறே.

இதன் விளைவை எளிய கணிப்பொன்றால் உணரலாம். அமர்ந்திருப்பவரின் இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையேயுள்ள உயரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றராகும். அவ்வுயரமுள்ள குருதிநிரல் சாதாரண நிலையில் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்குச் சமன். இதயம் சுருங்கும்போது அங்குள்ள குருதியமுக்கம் 120 மில்லிமீற்றர் எனக் கொள்வோமாயின், 5 ஜீயில் கண்ணை எட்டுவது 10 மில்லிமீற்றர் மட்டுமே. கண்ணின் உள்ளமுக்கம் இதனிலும் கூடியதாகையால், விழித்திரைக்கே முதலில் குருதி தடைப்படும். பார்வை ஓரங்களிலிருந்து மங்கி இருளும். ஆர்முடுகல் தொடரின் நினைவும் தப்பும். அதனுடன், கால்களிலும் வயிற்றிலும் உள்ள நாளங்களிற் குருதி தேங்குவதால் இதயத்துக்கு மீளும் குருதியும் குறைகின்றது.

இதற்குப் பரிகாரம் தேடியோருள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்திற் புற்றுநோய் ஆராய்ச்சி செய்த வில்பர் பிராங்ஸ் குறிப்பிடத்தக்கவர். நீரினாற் சூழப்பட்ட சுண்டெலிகள் மிகப் பெரிய ஆர்முடுகலையும் தாங்குவதைக் கண்ட அவர், நீர் நிரப்பிய உடையொன்றை ஆக்கி, 1940 இல் தாமே அணிந்து வானிற் பரிசோதித்தார். 1942 இல் வட ஆபிரிக்கத் தரையிறக்கத்தின்போது பிரித்தானியக் கடற்படை விமானிகள் அவ்வகை உடையைப் பயன்படுத்தினர். நீரின் பாரம் இடையூறாக இருந்தமையாற் பின்னர் காற்றுடைகளே நிலைபெற்றன.

வழக்கமான காற்றுடையில் வயிற்றுக்கு ஒன்றும், தொடைகளுக்கும் கெண்டைக்கால்களுக்கும் நான்குமாக ஐந்து பைகள் உள்ளன. ஆர்முடுகல் ஏறத்தாழ 2 ஜீயை எட்டியதும், வில்லுடன் இணைந்த சிறு பாரமொன்று தன் நிறை மிகுதியால் தாழ்ந்து வால்வைத் திறக்கும். எஞ்சினிலிருந்து வரும் அமுக்கிய காற்று பைகளை நிரப்பும். ஆர்முடுகல் கூடக் காற்றின் அமுக்கமும் கூடும்.

இவ்வுடை குருதியைத் தலைக்குப் பிதுக்கி ஏற்றுகின்றது எனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. கீழுடலின் குருதிக்குழாய்களை நெருக்கி, குருதி தேங்குவதைத் தடுத்து, இதயமட்ட அமுக்கத்தை உயர்த்துவதே அதன் பணி. வயிற்றுப் பை பிரிமென்தகட்டைத் தாங்குவதால் இதயம் கீழிறங்குவதும் குறைகின்றது.

எனினும், இவ்வுடை தனித்து அளிக்கும் பயன் ஏறத்தாழ 1 முதல் 1.5 ஜீ வரையே. 9 ஜீயைத் தாங்குதற்கு விமானி திரும்புமுன்னரே கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கி, ஏறத்தாழ மூன்று வினாடிக்கொருமுறை விரைந்து மாற்றுதல் வேண்டும். இம்முயற்சி பிந்தின் நினைவு தப்பலாம். 12 வினாடிகளே நினைவிழந்தாலும், வினாடிக்கு 250 மீற்றர் வேகத்திற் செல்லும் விமானம் 3 கிலோமீற்றரைக் கடந்துவிடும். நிலத்தை நோக்கிப் பாயும் விமானத்துக்கு அத்துணைத் தூரம் எஞ்சியிருப்பது அரிது. ஆகவே, உடையைப் போலவே பயிற்சியும் விமானியின் உயிர்க்காப்பாகும்.