கட்டுத்தறியில் தொலையும் 21 நாள்

ஒன்றிரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீடுகளில், மாட்டின் தரத்தை ‘வேளைக்கு எத்தனை லிட்டர்’ என்றுதான் அளக்கிறார்கள். அது பாதிக் கணக்கு. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால், ஈன்ற 85 நாளுக்குள் அது மறுபடி சினை பிடித்தாக வேண்டும். பருவம் வருவதோ 21 நாளுக்கு ஒருமுறை. வந்தால் அரை நாள், மிஞ்சினால் முக்கால் நாள். கோட்டைவிட்டால் இன்னொரு 21 நாள் தவிடும் புண்ணாக்கும் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். 12 மாதத்துக்கு ஒருமுறை ஈனும் பசு 5 ஆண்டில் 5 கன்று போடும். 15 மாதமானால் 4. கறந்துகொண்டுதானே இருக்கிறது, என்ன நட்டம் என்று கேட்கலாம். ஈன்ற 6 முதல் 8 வாரத்தில் உச்சத்தைத் தொடும் பால், பிறகு இறங்குமுகம். சினை தள்ளிப்போகப் போக, வற்றிவரும் மடிக்குத் தீனி போடும் நாட்களே கூடுகின்றன.

இதில் ஒரு விசித்திரம். பருவத்தின் நம்பகமான அடையாளம், இன்னொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நின்றுகொடுப்பது. அறிகுறியைக் காட்டவே துணைக்கு ஒரு மாடு வேண்டும்! கட்டுத்தறியில் தனியாக நிற்கும் பசு யாரிடம் காட்டும்? மிஞ்சுவதெல்லாம் சில்லறைத் தடயங்கள்: விட்டுவிட்டுக் கத்தல், தீனியில் நாட்டமின்மை, கண்ணாடிபோல் தொங்கும் வழும்பு, அது வாலில் ஒட்டிக் காய்ந்த பொருக்கு. அவையும் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ. எருமை பல நேரம் கத்துவதுகூட இல்லை. அதை ஊமைப் பருவம் என்றே சொல்கிறார்கள். காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்பது வழக்கம். பருவம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவருகிறது. கண்டவுடன் போடும் ஊசி வீணாகலாம்.

ஊசி போட்டும் சினை நிற்கவில்லையே என்பார்கள். மைனஸ் 196 டிகிரியில் காக்க வேண்டிய உறைவிந்தைக் கையாள்வதில் பிழை நேரலாம். தீனி போதாத மாடு பருவத்துக்கே வராமலும் போகும். இரண்டும் உண்மை. ஆனால் நேரம் தவறிய ஊசியை நல்ல விந்தும் நல்ல தீனியும் காப்பாற்றாது. அந்த நேரம் யார் கண்ணில் படும்? விடியலில் சாணி அள்ளி, மடி கழுவும் பெண்ணின் கண்ணில். அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு நடத்தும் பயிற்சி முகாம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பால் கணக்கு எழுதும் காலண்டர் கட்டத்திலேயே பருவம் கண்ட தேதியையும் அவர் குறித்துவைத்தால், 18ஆம் நாளிலிருந்து வாலைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.