கறிகாய்ச் செடிக்கு என்ன ஊட்டலாம்?

மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ பத்துத் தொட்டிகளை வைத்துக் கொண்டு வெண்டை, கத்தரி, தக்காளி பயிர் பண்ணுகிற சகோதரிகள் நம்மில் நிறையப் பேர். செடி கொஞ்சம் சோர்ந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பஞ்சகவ்யம் தெளி", "பிண்ணாக்குத் தண்ணி ஊத்து", "மீன் கழிவை ஊற வை", "அரிசி கழுவின தண்ணியே போதுமே!" எல்லாம் நல்லதுதான். ஆனால் எல்லாம் எல்லாச் செடிக்கும், எல்லா நாளும் ஆகாது.

ஐந்து மாதக் குழந்தைக்குப் பருப்பு சாதம் பிசைந்து ஊட்டுவோமா? வயதைப் பார்த்து, வயிற்றைப் பார்த்துத்தானே கொடுக்கிறோம்! செடிக்கும் அதே கணக்குத்தான். அதிலும் நாம் வளர்ப்பது ரோஜா இல்லை. குழந்தைகள் வாயில் போடுகிற காயும் கீரையும். அதனால் செடிக்கு எது தேவை, அதைச் சாப்பிடப் போகிறவர்களுக்கு எது பத்திரம், இந்த இரண்டையும் பார்த்துத்தான் கரைசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இலை சொல்லும் சேதி

அடியிலிருக்கிற பழைய இலைகள் முழுசாக மஞ்சளாகி, செடியும் வளராமல் நின்றால் தழைச்சத்து போதவில்லை. பழைய இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு. நுனியில் வருகிற புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துப் போகிறதா? காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் வெள்ளமாய் ஊற்றி, இரண்டு நாள் காயப் போடுகிற தொட்டியில்தான் இது அதிகம் வரும். தண்ணீரை ஒரே சீராக விட்டாலே பாதி சரியாகி விடும்.

தொட்டியில் எப்போதும் ஈரம் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும். ஆகவே, எதையும் ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் அந்தச் செடிக்கு வேண்டியது ஊட்டம் இல்லை, ஓய்வு!

இலை வளர: பிண்ணாக்குத் தண்ணீர்

கீரைக்கும், நட்டு ஒரு மாதத்துக்குள் இருக்கிற இளஞ்செடிக்கும் தழைச்சத்துதான் முக்கியம். இதற்குக் கடலைப் பிண்ணாக்கை மிஞ்ச ஒன்றுமில்லை என்பேன். நூறு கிராம் பிண்ணாக்கில் சுமார் 7 கிராம் தழைச்சத்து இருக்கிறது. அதே எடை பச்சைச் சாணத்தில் அரை கிராம் இருந்தாலே அதிகம்.

100 கிராம் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, துணியால் வாயைக் கட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். தினம் ஒரு தரம் குச்சியால் கிளறினால் நாற்றம் குறையும். பிறகு வடிகட்டி, ஒன்பது லிட்டர் தண்ணீர் சேர்த்துக் கொள்ளுங்கள். நடுத்தரத் தொட்டிக்கு அரை லிட்டர், 15 நாளுக்கு ஒரு முறை. அவ்வளவுதான்.

மீன் வாங்குகிற வீடுகளில் மீன் அமிலம் செய்யலாம். செதில், குடல், தலை எதுவானாலும் அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரை சேர்த்துப் பிசறி, தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு மூடி வைக்க வேண்டும். மூன்று வாரத்தில் கவிச்சி போய்ப் பழ வாசனை வரும். வடித்து வைத்துக் கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன், கலந்து ஊற்றினால் போதும். ஊறுகிற நாட்களில் மூடியை அவ்வப்போது தளர்த்தி விடுங்கள். உள்ளே வாயு சேர்ந்து டப்பா வெடித்தால் வீடே நாறி விடும்!

பூவும் பிஞ்சும் பிடிக்க

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, தக்காளி ஆளுயரம் வளர்ந்து நிக்குது. வாரா வாரம் பிண்ணாக்குத் தண்ணி ஊத்தறேன். ஒரு காய் கூட வரலையே!" என்று அலுத்துக் கொண்டாள். காரணம் அவள் சொன்னதிலேயே இருக்கிறது. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே விட்டுக் கொண்டிருக்கும். அசுவினிப் பூச்சியும் தேடி வரும். மொட்டுக் கண்டதும் பிண்ணாக்கை மாதம் ஒரு முறையாகக் குறைத்து விட வேண்டும்.

அப்போது தேவை சாம்பல் சத்து. விறகடுப்பு இருக்கிற வீட்டில் மரச் சாம்பலைச் சலித்து, தொட்டிக்கு ஒரு ஸ்பூன், மாதம் ஒரு தரம் மண்ணில் கிளறி விடலாம். பிண்ணாக்கு ஊற்றுகிற நாளில் மட்டும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து வாயுவாகிப் பறந்து விடும். நிலக்கரிச் சாம்பலும், பெயிண்ட் அடித்த கட்டையின் சாம்பலும் கூடவே கூடாது. வாழைப்பழத் தோலை ஊற வைத்த தண்ணீரில் சத்து கொஞ்சம்தான். தோலை நறுக்கி மக்கு உரத்தில் போடுவதே மேல்.

பூ உதிர்ந்தால் தேமோர்க் கரைசல் தெளிப்பது நம் பக்கத்து வழக்கம். தேங்காய்ப் பாலும் புளித்த மோரும் சம அளவு கலந்து, ஒரு வாரம் புளிக்க விட்டு, லிட்டருக்கு 50 மில்லி வீதம் தண்ணீரில் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கலாம். ஆனால் சித்திரை, வைகாசிக் கொளுத்தலில் தக்காளிப் பூ வெப்பத்தாலேயே உதிரும். அதற்கு நிழல் வலைதான் மருந்து.

சாணக் கரைசலில் ஜாக்கிரதை

கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலமாக்கிய பஞ்சகவ்யம், சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தம் இரண்டும் நம் விவசாயிகள் அறிந்தவை. பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பார்கள். பால், தயிர், நெய் எல்லாம் வேண்டுமென்பதால் பத்துத் தொட்டிக்கு வீட்டில் செய்வது கட்டுப்படியாகாது. சின்ன பாட்டில் வாங்கிக் கொள்ளலாம். ஜீவாமிர்தம் எளிது. 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 200 கிராம் வீதம், ஒரு பிடி மண். இரண்டு நாள் நிழலில் வைத்து, காலை மாலை கிளறி, ஒரு வாரத்துக்குள் ஊற்றித் தீர்த்து விட வேண்டும்.

'இயற்கைதானே, என்ன கெடுதல்?' என்று மட்டும் நினைக்க வேண்டாம். சாணத்தில் ஈ.கோலி, சால்மோனெல்லா போன்ற வயிற்றுக் கடுப்புக் கிருமிகள் இருக்கக் கூடும். புளிக்க வைப்பதால் அவை கட்டாயம் செத்து விடும் என்று நம்ப முடியாது. அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிப்படி, பச்சைச் சாணம் இட்டால், மண்ணைத் தொடுகிற காய் கீரையை 120 நாளும் மற்றவற்றை 90 நாளும் கழித்துத்தான் பறிக்கலாம். நம் கொத்தமல்லியோ நாற்பது நாளில் சட்னிக்கு வந்து விடும்!

ஆகவே பச்சையாகத் தின்கிற கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, காரட், தக்காளி ஆகியவற்றுக்குச் சாணக் கரைசல் வேண்டாம். பிண்ணாக்குத் தண்ணீரும் உப்புப் போடாத அரிசி கழுவிய நீரும் போதும். கத்தரி, வெண்டை, அவரை போல வேக வைத்துச் சாப்பிடுகிறவற்றுக்கு, இலையில் படாமல் வேரடியில் ஊற்றுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டிலும், கர்ப்பிணிப் பெண் இருக்கிற வீட்டிலும் இதில் கண்டிப்பாக இருப்பது நல்லது. ஊற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு மூன்று வார்த்தை

ஒன்று: மீன் அமிலம் பார்க்கத் தேன் மாதிரியே இருக்கும். குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தனி டப்பா, மேலே பெயர், எட்டாத அலமாரி.

இரண்டு: ஊறுகிற பாத்திரம் எதுவானாலும் துணி கட்டாமல் வைக்காதீர்கள். திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். தவழும் குழந்தை எட்டிப் பார்த்து விழுந்து விடும் அபாயமும் உண்டு.

மூன்று: ஆமணக்குப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம். அதில் கடுமையான விஷம் உண்டு. குழந்தையோ நாயோ வாயில் வைத்து விட்டால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, எந்தக் கரைசலானாலும் காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். வேர் வெந்து விடும். முதலில் தண்ணீர், அப்புறம் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுவது நல்லது. சந்தேகமாக இருந்தால் இன்னும் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கொள்ளுங்கள். நீர்க்க ஊற்றினால் பலன் கொஞ்சம் தாமதமாக வரும். கெட்டியாக ஊற்றினால் செடியே போய் விடும்.