நிலையமும் யார்ட்டும்

களுபோவிலவில் ரயில் நிலையம் கிடையாது. மேற்கே போனால் கரையோரப் பாதையின் தெஹிவளை, வடகிழக்கே போனால் களனிவெளிப் பாதையின் நுகேகொடை. தண்டவாளத்தின் அகலம் இன்று இரண்டிலும் ஒன்றுதான், 5 அடி 6 அங்குலம். ஆனாலும் தெஹிவளையில் காலை ரயிலைத் தவறவிட்டவர் அடுத்த ரயிலுக்காக நிற்பார்; நுகேகொடையில் தவறவிட்டவர் பஸ்ஸைத் தேடிப் போவார். பழைய எஞ்சின், சோம்பல் நிர்வாகம் என்று நாம் காரணம் சொல்லிக்கொள்வோம். அவையெல்லாம் சரியாக இருந்தாலும் வித்தியாசம் மறையாது. ஏனென்றால் கணக்கு தண்டவாளத்தில் இருக்கிறது.

கரையோரப் பாதை கொழும்பிலிருந்து பாணந்துறைக்கு அப்பால் வரை இரட்டைப் பாதை. போகிற ரயிலுக்கு ஒன்று, வருகிற ரயிலுக்கு ஒன்று. இப்படியான பாதையில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற நிலையங்களுக்கு வேலை குறைவு. ரயில் வரும், நிற்கும், ஆட்கள் ஏறி இறங்குவார்கள், போய்விடும். இரண்டு தண்டவாளம், இரண்டு மேடை போதும். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மரீன் டிரைவ். மூன்றாவது தண்டவாளத்துக்கு இடமே இல்லை.

களனிவெளிப் பாதை ஒற்றைப் பாதை. வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் எதிரெதிரே வந்த இரண்டு முச்சக்கர வண்டிகளில் ஒன்று எங்காவது ஒதுங்கத்தானே வேண்டும்? ரயில் ஒதுங்குவதற்கென்று சில நிலையங்களில் பிரதான பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை போட்டு, இரு முனையிலும் இணைத்திருப்பார்கள். இதுதான் லூப் லைன். லூப் உள்ள நிலையத்தில் மட்டுமே இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று விலகிப் போக முடியும். மற்றவை வெறும் தரிப்பிடங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடுத்தடுத்த இரண்டு லூப் நிலையங்களுக்கு இடையே ஓட்டம் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். போன ரயில் முழுதாக உள்ளே வந்து, பாதையை மாற்றி, சமிக்ஞை கொடுக்க இன்னொரு 2 நிமிடம். ஆக ஒரு ரயிலுக்கு 12 நிமிடம். மணிக்கு 5 ரயில், அதுவும் இரண்டு திசையும் சேர்த்து. இரட்டைப் பாதையில் 5 நிமிடத்துக்கு ஒன்றாக விட்டால் ஒரு திசைக்கே 12 போகும். முழுப் பாதையிலும் எந்த இடைவெளி மிக நீளமானதோ, அதுவே மொத்தப் பாதையின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. எஞ்சினை மாற்றினாலும் பெட்டிக்கு நிறம் பூசினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. அந்த நீண்ட இடைவெளியின் நடுவே ஒரு லூப் போட்டால் அசையும். முழுப் பாதையையும் இரட்டிப்பதற்கு ஆகும் செலவில் அது ஒரு சிறு பங்குதான். ஆனால் லூப், ஓடுகிற மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். 8 பெட்டிக்குப் போட்ட லூப்பில் 12 பெட்டி ரயில் நின்றால் வால் பிரதான பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

லூப் நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைப் பொறியியலாளர் மைல் கணக்கில் பார்ப்பதைவிட நிமிடக் கணக்கில் பார்ப்பார். ஏற்றத்தில் ரயில் மெல்லப் போகும், ஆகவே அங்கே நிலையங்கள் நெருங்கி இருக்க வேண்டும். ஓர் இடைவெளிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு ரயில்கள் நுழையாமலும் காக்க வேண்டும். மலையகப் பாதையில் நிலைய அதிபர் வளையமொன்றில் மாட்டிய தப்லெட்டைச் சாரதியிடம் நீட்டுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தப்லெட் கையில் இல்லாத சாரதி அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு தப்லெட்தான் கருவியிலிருந்து வெளியே வரும்.

களனிவெளிப் பாதைக்கு இன்னொரு பரம்பரைச் சிக்கலும் உண்டு. அது 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதையாகப் பிறந்தது. 1990களில் அகலமாக்கியபோது பழைய வளைவுகள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டன. வளைவுகள் இருக்கும்வரை வேகம் கூடாது.

ஒரு நிலையத்தின் வகையை அறியப் பெயர்ப் பலகையைப் பார்க்கத் தேவையில்லை. நின்ற ரயில் அடுத்து என்ன செய்கிறது என்று பாருங்கள். வந்த பக்கமே திரும்பினால் முனையம், கடந்து போனால் ஊடறுக்கும் நிலையம், பாதைகள் கிளை பிரிந்தால் சந்தி. 1865இல் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையே பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியபோது தலைநகரில் இருந்தது முனைய நிலையம்; தண்டவாளம் அங்கேயே முடிந்தது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம் என்பதால் அதற்கு அப்பால் போக வேண்டியிருக்கவில்லை. பிறகு கரையோரப் பாதை 1877இல் பாணந்துறையையும் 1895இல் மாத்தறையையும் அடைந்தது. வடக்கும் தெற்கும் ஒரு நகரில் சந்திக்கும்போது முட்டுச் சந்து உதவாது. 1908இல் மருதானையும் 1917இல் கோட்டையும் ரயில் ஊடறுத்துப் போகக்கூடிய நிலையங்களாக எழுந்தன.

முனையத்தில் என்ன தொல்லை? உள்ளே வந்த எஞ்சின் தடுப்புக்கும் பெட்டிகளுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்கத் தனிப் பாதை வேண்டும். எல்லா மேடைகளுக்கும் நுழைவாயில் ஒன்றே என்பதால், வெளியேறும் ரயில் உள்ளே வரும் ரயிலை மறிக்கும். சென்னைக்குப் போய்வரும் நம்மவர்கள் இரண்டையும் பார்த்திருப்பார்கள். சென்ட்ரல் முழு முனையம். எழும்பூர் பார்வைக்கு முனையம் போல இருந்தாலும் தண்டவாளம் அதைக் கடந்து கடற்கரை நிலையம் நோக்கிப் போகிறது. நமக்கு இன்னும் அருகில் காலி இருக்கிறது. மாத்தறை போகும் ரயில் அங்கே புகுந்து, எஞ்சின் மறுமுனைக்கு மாறி, வந்த பக்கமாகவே வெளியேறும். ஜன்னலோரம் முன்னோக்கி உட்கார்ந்து வந்தவர் மிச்சப் பயணத்தைப் பின்னோக்கிச் செய்வார். இரு முனையிலும் சாரதி அறை கொண்ட பவர்செட் ரயில்களுக்கு இந்த எஞ்சின் மாற்றும் வேலை இல்லை.

சந்தி நிலையங்களில் எனக்குப் பிடித்தது பேராதனை. கொழும்பு, கண்டி, பதுளை மூன்று பக்கத்துப் பாதைகளும் ஒரு முக்கோணமாக இணைகின்றன. கொழும்பிலிருந்து வரும் ரயில் கண்டியைத் தொடாமலே மலையேறலாம். முக்கோணத்தின் மூன்று பக்கமும் ஓடி முடித்தால் எஞ்சின் திசை திரும்பியிருக்கும், சுழல்மேடை தேவையில்லை.

நிலையத்தில் பயணிகள் அதிகம் பார்க்காத பாதி, பெட்டிகளையும் எஞ்சின்களையும் நிறுத்திப் பராமரிக்கும் யார்ட். கோட்டையின் மேடை விலையுயர்ந்த இடம். பெட்டி கழுவ, தண்ணீர் நிரப்ப, பிரேக் சோதிக்க ரயிலை அங்கே நிறுத்தி வைத்தால் பின்னால் வருகிறவை எல்லாம் வெளியே காத்திருக்கும். அதனால் பெட்டிகளுக்கு மாளிகாவத்தை, எஞ்சின்களுக்குத் தெமட்டகொடை, பெரிய பழுதுக்கு இரத்மலானை. யார்ட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதே பாதி வடிவமைப்பு. தவறான பக்கம் வைத்துவிட்டால், வெறும் பெட்டிகளை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் பிரதான பாதையைக் குறுக்கறுக்க வேண்டிவரும். மலையடிவாரத்தில் யார்ட் வருவதற்குக் காரணம் வேறு. றம்புக்கனையிலிருந்து தொடங்கும் கடுகண்ணாவ ஏற்றம் சுமார் 45 அடிக்கு 1 அடி உயரும். பாரமான ரயிலைப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சினைக் கோர்த்துவிடும் இடமாக றம்புக்கனை இருந்தது.

நிற்கும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். இந்திய ரயில்வே விதிப்படி நிலையத்தின் சரிவு 400க்கு 1 என்பதைத் தாண்டக்கூடாது. 1200க்கு 1 விரும்பத்தக்கது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவுகூடப் பிரேக் போடாத பெட்டியை உருட்டிவிடும் என்ற அச்சம்தான் காரணம்.

சில யார்ட்டுகள் இந்த உருளுதலையே வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. கலவையாக வந்த சரக்கு ரயிலை ஒரு செயற்கை மேட்டின் மீது மெல்லத் தள்ளி, உச்சியில் பெட்டிகளைக் கழற்றிவிடுவார்கள். ஒவ்வொன்றும் தானாக இறங்கி, தனக்குரிய ஊருக்கான பாதையில் போய்ச் சேரும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள பெய்லி யார்ட்டும் உத்தரப் பிரதேசத்தின் முகல்சராயும் இந்த முறைக்குப் பேர்போனவை. இலங்கையில் அப்படி ஒரு மேடு கட்டும் அளவுக்குக் கலவைச் சரக்கு இல்லை. கொலன்னாவையிலிருந்து எண்ணெய், திருகோணமலை சீனன்குடாவிலிருந்து கோதுமை மா என்று ஒரே பொருளை ஏற்றிய முழு ரயில், ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடத்துக்கு நேராகப் போகிறது. நடுவில் பிரித்து அடுக்க ஒன்றுமில்லை. சில்லறைச் சரக்கு லொறிக்குப் போய்விட்டதால், சிறு நகரங்களின் சரக்குப் பாதைகளில் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தக் காணியை விற்றுவிடாமல் வைத்திருப்பது நல்லது. நீண்ட ரயிலுக்கு லூப்பை நீட்ட நாளை தேவைப்படுவது அதுதான்.