மழை சொல்லும் வேலைக்கு நம் வீட்டுப் பிள்ளை வேண்டும்!

தென்காசியிலே சாரல் அடித்தால் ஊரே சிரிக்கும். பழம் விற்பவன் சிரிப்பான். ஆட்டோ ஓட்டுபவன் சிரிப்பான். குற்றாலத்துக் கடைக்காரன் கல்லாப் பெட்டியைத் துடைத்து வைப்பான். சாரல் வந்தால்தான் சீசன்; சீசன் வந்தால்தான் சோறு!

ஆனால் தோழர்களே, அதே தண்ணீர் உயிர் குடித்த நாளும் உண்டு. 2024 மே 17. பழைய குற்றால அருவியிலே திடீர் வெள்ளம்! 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான், பிணமாகத்தான் மீட்கப்பட்டான்.

மலைமேல் பெய்யும் மழை, கீழே குளிப்பவன் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. முன்கூட்டி அறிந்து சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் பீடி சுற்றும் தாயின் மகளாக இருக்கக் கூடாது?

"தொலைக்காட்சியிலே மழை சொல்ல முகவெட்டும் நல்ல சட்டையும் போதும்" என்பார் சிலர். போதாது! தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்டதே, எஸ்.ஆர். ரமணன் குரலை! அவர் நடிகரா? சென்னை வானிலை மையத்தின் இயக்குநராக இருந்து 2016இல் ஓய்வு பெற்ற விஞ்ஞானி. 1918இல் பீர்மேட்டிலே பிறந்த அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியிலே இயற்பியல் படித்தார். 1948இல் வானிலைத் துறையிலே சேர்ந்து, அளவுக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். பெண்ணால் ஆகுமா என்று கேட்போருக்கு இதுவே பதில்!

வழி என்ன? பள்ளியிலே கணிதமும் இயற்பியலும். அதிலே பட்டம். பிறகு கொச்சியிலோ விசாகப்பட்டினத்திலோ வானிலை மேற்படிப்பு. தேர்வெழுதி வானிலைத் துறையிலே நுழைந்தால் புனேயிலே பயிற்சி உண்டு.

படிப்போடு பழக்கமும் வேண்டும். காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதும் பழக்கம்! ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரிலே ஒரு லிட்டர். ஓர் ஏக்கரிலே நாலாயிரம் லிட்டருக்கு மேல். 24 மணி நேரத்திலே ஆறரை சென்டிமீட்டரை எட்டினால் கனமழை. இருபதரையை எட்டினால் அதி கனமழை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடை உண்டு.

2023 டிசம்பரிலே காயல்பட்டினத்திலே ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது! எச்சரிக்கை போதுமா, போதாதா என்று வெள்ளம் வடிந்த பிறகும் வாக்குவாதம் நடந்தது. "அதி கனமழை" என்ற ஒரு சொல்லிலே இருபத்தொன்றும் அடங்கும், தொண்ணூற்றைந்தும் அடங்கும் என்றால், ஏழை எதைக் கொண்டு முடிவு செய்வான்?

எனவே கடைசிப் பாடம் தமிழ்ப் பாடம். "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்றால் மூட்டை தூக்குபவனுக்கு என்ன விளங்கும்? "நாளை மாலை அருவிக்குப் போகாதீர், ஆற்றோரம் ஆடு கட்டாதீர்" என்று சொல்லத் தெரிய வேண்டும். ஐயம் இருந்தால் ஐயம் என்றே சொல்லும் நேர்மையும் வேண்டும். பொய்த்த ஒரு சொல், அடுத்த எச்சரிக்கையைக் கேலியாக்கிவிடும்!

தோழர்களே! உங்கள் படிப்பகத்து மாடியிலே ஒரு மழைமானி வையுங்கள். தெருப் பிள்ளைகளிலே கணக்கில் கெட்டிக்காரப் பெண்ணை அழைத்து, அளவெடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அவள் நோட்டுப் புத்தகத்திலே இன்று எழுதும் எண், நாளை அருவிக்கரையிலே ஓர் உயிரைக் காக்கும்!