தெரிந்த பாடமே தெரியாததாகும்போது...

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்று வீட்டில் பெருநாள்தான். ஆனால் முதலாம் வருடம் பாதி போகுமுன்னரே அதே பிள்ளை, "உம்மா, எனக்கு இது சரிவராது, நான் வீட்டுக்கு வாறேன்" என்று அழுதால்?

வளர்முக நாடுகளின் கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்த அழுகை கேட்கிறது. நமக்குத் தெரிந்த ஒலுவிலையே எடுத்துக்கொள்வோமே. யுத்தத்தால் படிப்புக் குழம்பிய மாணவர்களுக்காக, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பெருமுயற்சியால் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 1996 மே மாதத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. நம் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேருக்குப் பட்டப்படிப்பு எட்டும் தூரத்தில் வந்தது அதனால்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை பிள்ளை படித்தது தமிழில். ஒளித்தொகுப்பு, பிரசாரணம், நொதியம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. விரிவுரை மண்டபத்திலோ அவையே ஃபோட்டோசிந்தசிஸ், ஒஸ்மோசிஸ், என்சைம் என்று வருகின்றன. விஞ்ஞானம், பொறியியல் போன்ற துறைகளில் விரிவுரை, புத்தகம், பரீட்சை அனைத்தும் ஆங்கிலமே. தெரிந்த விடயம்தான், ஆனாலும் கேள்வி கேட்க நா எழாது. பிழையாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற பயம் வேறு. கடைசியில் தோழியின் குறிப்பை வாங்கி, விளங்காமலே மனனம் செய்கிறாள்.

"கோட்டாவில் போன பிள்ளைகள், அப்படித்தான்" என்பார் சிலர். இது அநியாயமான பேச்சு. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என அனுமதி பகிரப்படுகிறது. அம்பாறையும் மன்னாரும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆய்வுகூடமும் ஆங்கில ஆசிரியரும் குறைந்த பாடசாலையில் படித்து அந்தப் புள்ளியை எடுத்தவளுக்கா மூளை இல்லை?

பல்கலைக்கழகத்தில் ஆங்கில வகுப்பு உண்டு. ஆனால் பதின்மூன்று வருடக் குறையைச் சில மாதங்களில் அடைக்க முடியுமா? பரீட்சை எழுதி முடித்துப் பல்கலைக்கழகம் புகுவதற்குள் அநேகமாக ஒரு வருடம் கழிந்துவிடுகிறது. தையலும் சமையலும் பழகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே, அவள் படித்த அதே உயர்தரப் பாடத்தின் ஆங்கில நூல்களையும் பழைய வினாத்தாள்களையும் தேடிக் கொடுங்கள். விடயம் ஏற்கெனவே தெரிந்ததாகையால் சொற்கள் வேகமாகப் பிடிபடும். பொதுவான ஆங்கில டியூசனைவிட இது பயன் தரும்.

இன்னொன்று. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் தவறினால் மறுமுறை எழுத இடமுண்டு. மாணவர் ஆலோசகர்களாக விரிவுரையாளர்களே இருக்கிறார்கள். அவர்களிடம் தயங்காமல் போகச் சொல்லலாம். இது தெரியாத வீடுகளில்தான், "போதும் மகள், வந்திடுங்க, மாப்பிள்ளை பார்ப்போம்" என்று முதல் பெறுபேற்றோடு படிப்பை முடித்துவிடுகிறார்கள்.