இரைப்பையைச் சுருக்கிய பின்

உடற்பருமன் சோம்பலின் அடையாளம் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். அது பிழை. மரபு, சுரப்பிகள், பழக்கம், சூழ்நிலை ஆகிய பலவும் கூடி விளைவிக்கும் நோய் அது. பத்தியமும் பயிற்சியும் மருந்தும் போதிய பயன் தராதபோது, சிலருக்கு அறுவைச் சிகிச்சை நன்மை தருகிறது.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர், இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்துச் சிறுகுடலோடு இணைத்தார். இன்று பரவலாகச் செய்யப்படுவது மற்றொரு முறை. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை அகற்றி, எஞ்சியதைக் குழாய் வடிவில் அமைத்துவிடுகிறார்கள். வயிறு விரைவில் நிறைகிறது, பசியும் தணிகிறது.

ஆயினும், கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நம்முடைய வேலையோ அதற்குப் பல வாரம் முன்னரே தொடங்க வேண்டும். புகை பிடிப்பதை விட்டுவிடுதல் முதற் கடமை. சிகிச்சைக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் மாவும் கொழுப்பும் குறைந்த உணவு கொண்டால், வீங்கிய கல்லீரல் சுருங்கும்; மருத்துவரின் கைக்கு இடம் கிடைக்கும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் அவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் கூடிய விரைவில் எழுந்து நடப்பது நல்லது. கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதை அது தடுக்கும். உணவோ படிப்படியாக வர வேண்டும். முதலில் தெளிந்த நீர் வகை, பிறகு பால், மோர், அதன்பின் மசித்த பருப்பு, கடைசியில் திட உணவு. இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். உண்ணும்போதே நீர் பருகலாகாது. நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் புரதம் தேவை. பி-12, இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளை ஆயுள் முழுதும் மாத்திரையாகக் கொள்ள வேண்டும். மரக்கறி உண்போர் பி-12 விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் கொள்வது நலம்.

காய்ச்சல், வேகமான நாடித் துடிப்பு, கடும் வயிற்று வலி ஆகியவை தையல் கசிவின் அறிகுறியாகலாம்; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஓயாத வாந்தியையும் அலட்சியம் செய்யலாகாது. பி-1 சத்துக் குறைந்தால் சில வாரங்களிலேயே மூளையும் நரம்புகளும் கெடக்கூடும்.

நம் வீடுகளில் அன்பைச் சோற்றால் அளப்பது வழக்கம். “இன்னும் ஒரு கவளம்” என்று வற்புறுத்துவது உபசாரம். சிகிச்சை பெற்றவருக்கோ அவ்வொரு கவளமே துன்பமாகும். அவர் போதும் என்று கையை எடுக்கும்போது, வருந்தாமல் இலையை எடுத்துவிடுவோமாக. அதுவே அவருக்கு நாம் செய்யும் உபசாரம்.