வில்லுப்பாட்டில் முதலில் வெட்டப்படும் சம்பளம்

நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை விழாவுக்கு எவ்வளவு வரி பிரியும் என்பது ஊரின் கைப்பணத்தைப் பொறுத்தது. 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வாழையையும் ரப்பரையும் முறித்துப் போட்டது; கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. 2020இல் ஊரடங்கு சரியாகப் பங்குனி, சித்திரைக் கொடை நேரத்தில் வந்து விழுந்தது. அடுத்த ஆண்டு கோடையில் இரண்டாம் அலை. இத்தனைக்கும் பிறகு ஊர்கள் கொடையை விட்டுவிடவில்லை, செலவைத்தான் குறைத்துக்கொண்டன. எங்கே குறைக்கிறார்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பந்தலையும் சீரியல் லைட்டையும் குறைத்தால் பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிடும், கௌரவக் குறைச்சல். ஆனால் கொடையில் சாமி கதை பாடும் வில்லுப்பாட்டு இரண்டு ராத்திரி இருந்த இடத்தில் ஒரு ராத்திரி ஆனாலோ, விடிய விடிய நடந்தது நாலு மணி நேரத்தில் முடிந்தாலோ யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. வில்லுக் குழுத் தலைவரும் தன் பங்குக்குக் கணக்குப் போடுவார். பேசிய தொகை ஏழெட்டுப் பேருக்குக் கட்டாது, ஐந்து பேர் போதும். வில்லடிக்கும் புலவர் வேண்டும். குடம், உடுக்கை, தாளம் இல்லாமல் பாட்டு இல்லை. ஆகவே வீட்டில் இருக்கச் சொல்லப்படுகிறவர், பின்னால் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிப் பழகும் இளையவர்.

அவர்தான் மாணவர். முத்துப்பட்டன் கதையையோ தோட்டுக்காரி அம்மன் கதையையோ ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்; யூடியூபில் கேட்டு மனப்பாடமும் செய்யலாம். ஆனால் சாமியாடும் கோமரத்தாடியின் தோள் லேசாக அசையத் தொடங்கும்போது புலவர் கதையை எந்த இடத்தில் விடுகிறார், வில்லில் அடிக்கும் வீசுகோலின் அடி எப்போது நெருங்குகிறது, உடுக்கை அதை எங்கே பிடித்துக்கொள்கிறது, சாமி இறங்கத் தாமதமானால் எந்த வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவது என்பதெல்லாம் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே பிடிபடும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலும், இந்த மண்ணின் கதைப்பாடல்களைப் பல பத்தாண்டுகளாகத் தேடிச் சேர்த்த அ.கா. பெருமாளின் எழுத்துகளும் பதிவு செய்திருப்பது அந்த நீண்ட ராத்திரிகளின் கலையை. வில்லுப்பாட்டுக்குக் கொடைதான் வகுப்பறை. கொடையில் நேரத்தைக் குறைப்பது வகுப்பைக் குறைப்பதுதான்.

மேடையிலும் வானொலியிலும் வில்லுச் சத்தம் கேட்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. ஒழுகினசேரிக்காரரான என்.எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோயில் வாசலுக்கு வெளியே கொண்டுபோனார். அவரோடு சேர்ந்து வளர்ந்த சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். அது மேடை வில்லிசை. பிரசாரத்துக்கும் கதாகாலட்சேபத்துக்கும் பொருந்தி வந்தது. கொடை வில்லுப்பாட்டுக்கு அது மாற்று இல்லை. கொடை வில்லில் பேர் பெற்ற சரவணந்தேரி பூங்கனி அம்மாள் சிறு வயதிலேயே பாட வந்தவர். 2018இல் அவர் இறந்தபோது வறுமையில்தான் இருந்தார். இதைப் பார்த்து வளரும் ஒரு பெண் பிள்ளை வில்லைத் தொட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், கொஞ்சம் அநியாயமாகத்தான்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உண்டு; நமக்குப் பக்கத்தில் இருப்பவை திருநெல்வேலியும் தூத்துக்குடியும். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள், மூன்று ஆண்டுப் படிப்பு. வில்லுப்பாட்டோ கணியான் கூத்தோ தோல்பாவைக் கூத்தோ அந்த ஏழில் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. இரண்டும் தேவையானவை, ஆனால் இரண்டுமே ஏற்கெனவே கலைஞராக இருப்பவருக்கானவை. 2023-24 நிதிநிலை அறிக்கையில் மாநிலம் முழுக்க 25 பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்கள் அறிவிக்கப்பட்டன. மாதிரி ஆட்டமும் அடிப்படைத் தாளமும் அங்கே சொல்லிக் கொடுத்துவிடலாம், கோமரத்தாடியை எதிரே நிறுத்த முடியாது.

மத்திய அரசின் குரு–சிஷ்ய பரம்பரைத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500 ரூபாய், பக்கவாத்தியக்காரருக்கு 3,750, மாணவருக்கு 1,500. காலம் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம். மாதம் 1,500 ரூபாய் இன்றைக்கு இரண்டு மூன்று நாள் கொத்தனார் கையாள் வேலைக் கூலி. ஒரு வருடத்தில் வில்லுக்காரர் உருவாகிவிடுவார் என்று கணக்குப் போட்டவர் எந்தக் கொடைக்கும் போயிருக்க மாட்டார்.

மாநில எல்லையில் களியக்காவிளை தாண்டினால் வேறு கணக்கு. கேரளத்தின் வஜ்ர ஜூபிலி ஃபெலோஷிப் திட்டத்தில் சுமார் ஆயிரம் இளம் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, உள்ளாட்சி அமைப்புகள் வழியாக ஊர் மக்களுக்கு இலவசமாகக் கலை கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். அங்கே பணம் கற்பிப்பதற்குப் போகிறது. பெரும் பொருளாதார மந்தத்தின்போது, 1935இல், அமெரிக்காவும் இதைத்தான் செய்தது: வேலையிழந்த இசைக்காரர்களைச் சம்பளம் கொடுத்துக் கச்சேரிக்கும் அனுப்பியது, பாடம் சொல்லவும் அனுப்பியது. பணம் இல்லாத காலத்தில்தான் இதற்குப் பணம் ஒதுக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதுவும் மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறியத் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தால் போதும். மராத்தி பேசும் சில குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கைவசம் வைத்திருந்த கலை அது. ராமாயணத்தைப் பத்து ராத்திரி நடத்திய கூத்து, பார்வையாளர் குறையக் குறையப் பள்ளி, கல்லூரி விழாக்களில் ஒரு மணி நேர நிகழ்ச்சியானது. ஒரு மணி நேரத்துக்குப் பத்து ராத்திரிக் கதையும் தேவையில்லை, அதைப் படிக்கும் பிள்ளையும் தேவையில்லை. பாவைகள் காட்சிப் பொருளாக மிஞ்சும்.

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று ஊர்க் கமிட்டிகளின் கையில் இருக்கிறது. அடுத்த கொடைக்கு வில்லுக்காரரிடம் அச்சாரம் கொடுக்கும்போது, பழகுகிற பையனோ பெண்ணோ கூட வருவார்களா என்று கேளுங்கள். அவர்களுக்கான சம்பளத்தைத் தனியாகப் பேசி, வரவு செலவு நோட்டில் தனி வரியாக எழுதுங்கள். சீரியல் லைட்டில் ஒரு வளைவு குறைந்தால் போதும், அந்தப் பணம் வந்துவிடும்.